அரசனுக்கு மேலே யார்? ஹான் பேரரசும் புதுக்கோட்டைச் சமஸ்தானமும்

புதுக்கோட்டை நகரை அடுத்துள்ள திருக்கோகர்ணம், குன்றைக் குடைந்தெடுத்த பழைய சிவாலயத்தை உடையது. மூலவர் கோகர்ணேசுவரர் எனினும், ஊராரின் பேச்சில் முதலிடம் பெறுபவர் அங்குள்ள அம்பிகையாகிய பிரகதாம்பாளே. அரசு அருங்காட்சியகமும் இவ்வூரிலேயே அமைந்துள்ளது. இவ்வூர் அம்பிகையோடு பிணைந்த ஒரு பொருளிலிருந்து நம் ஆராய்ச்சியைத் தொடங்குகிறோம். அது கைவிரல் நுனியில் அடங்கத்தக்க சிறு செப்புக்காசு. ஒருபுறம் அம்பிகை அமர்ந்திருக்கிறாள். மறுபுறம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்னும் ஒரே சொல் காணப்படுகிறது. அரசனின் முகம் எப்புறத்திலும் இல்லை. அம்மன் காசு என்பது அதன் பெயர். ஓர் அணாவுக்கு 20 காசு என்பது அதன் மதிப்பு.

இதே புதுக்கோட்டைச் சீமையில், கருக்காக்குறிச்சி என்னும் ஊரில், 1898ஆம் ஆண்டில் 501 ரோமானியப் பொற்காசுகள் அடங்கிய புதையல் வெளிப்பட்டது. அகுஸ்து முதல் வெஸ்பாசியன் வரையுள்ள இராயர்களின் முகங்கள் அவற்றில் பொறிக்கப்பட்டிருந்தன. பெரும்பாலான காசுகளில் அம்முகத்தின் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு உண்டு. அவை இனி நாணயமாக அன்றிப் பொன்னாக மட்டுமே மதிக்கப்பட வேண்டும் என்பதற்காக அவ்வாறு வெட்டினர் என ஆய்வாளர் கருதுவர். காசில் உள்ள சுரூபமும் மேலெழுத்தும் பற்றி எருசலேமில் எழுந்த வினாவை நன்கறிந்த நம் வாசகர்க்கு, அக்காலத்து இராயனின் பொன்முகம் தமிழ்நாட்டுக் குறிச்சியொன்றில் வெட்டுப்பட்டுக் கிடந்தது வியப்பளிக்கக் கூடும்.

அந்த இராயர்கள் ஆண்ட நாட்களில் உலகின் மறுகோடியில் ஹான் பேரரசு நடந்துகொண்டிருந்தது. அதன் காசில் அரசனும் இல்லை, தெய்வமும் இல்லை. வட்டக் காசின் நடுவே சதுரத் துளை, அதன் இருமருங்கும் 'ஐந்து ஷு' என்னும் எடைக்குறிப்பு, வேறொன்றும் இல்லை. கி.மு. 118இல் தோன்றிய அக்காசு கி.பி. 621 வரை சீனத்தில் நின்று வழங்கியது. அதற்கு முன் சின் அரசு வெளியிட்ட காசின் பெயர் 'அரை லியாங்' என்பதாகும். திருக்கோகர்ணத்து அம்மனுக்கு மக்கள் இட்டு வழங்கும் பெயரை அறிந்தவர் இவ்விடத்தில் முறுவலிப்பர். அப்பெயரைப் பின்னர்க் கூறுவோம்.

மூன்று காசுகள் மூன்று அரசியல்களைக் குறிக்கின்றன. காசை மட்டும் கொண்டு ஓர் அரசின் தத்துவத்தை எழுதிவிட இயலாது என்பது உண்மையே. ஆயினும், அரசனுக்கு மேலே யார் உளர், அவருடைய திருவுளத்தை எடுத்துரைக்கும் உரிமை எவருக்கு உண்டு என்னும் வினாக்களை இக்காசுகள் நம்முன் வைக்கின்றன. முதல் வினாவைப் பலர் கேட்டுள்ளனர். இரண்டாவது வினாவே கடினமானது. அதைச் சீனத்தில் முதலிலும் புதுக்கோட்டையில் பின்னரும் கேட்டுப் பார்ப்போம்.

கி.மு. 221இல் ஆறு நாடுகளையும் வென்று சீனத்தை ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்த சின் மன்னர், தம்மை முதற் பேரரசர் என அழைத்துக்கொண்டார். அவருடைய அமைச்சர் லி சு சட்டவாதிகள் எனப்படும் கூட்டத்தைச் சேர்ந்தவர். மனிதர் இயல்பாகவே தந்நலம் நாடுவர். ஆதலின் தெளிவான சட்டமும், தப்பாத தண்டனையும், வெகுமதியுமே ஆட்சியின் கருவிகள் என்பது அவர்கள் கொள்கை. முன்னோர் நெறி, அறவோர் வாக்கு ஆகியவற்றைக் காட்டி இக்கால அரசைக் குறைகூறுதல் குற்றமாயிற்று. கி.மு. 213இல் பழைய நூல்களைத் தீக்கிரையாக்கும் ஆணை பிறந்தது. எடை, அளவை, எழுத்து, வண்டிச் சக்கரங்களின் இடைவெளி ஆகிய அனைத்தையும் ஒரே சீராக்கிய திறமை மிக்க ஆட்சி அது. அது 15 ஆண்டுகளே நிலைத்தது. அரசனுக்கு மேலே எவருமில்லை என்ற அரசு, அவ்வரசன் இறந்தபின் தன்னைத் தாங்குவார் எவருமின்றிச் சரிந்தது.

அதன் இடிபாட்டிலிருந்து எழுந்தவர் ஹான் மரபின் முதல்வரான லியூ பாங். குடியானவர் குடும்பத்தில் பிறந்து, ஊர்ச்சாவடி அதிகாரியாய் இருந்தவர். கல்விமான்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. ஒரு பண்டிதரின் தொப்பியைப் பறித்து அதில் சிறுநீர் கழித்தார் என்று சீன வரலாற்றாசிரியர் சிறிதும் கூசாமல் எழுதி வைத்துள்ளனர். நம் நாட்டு அரசவைப் புலவர் எவரேனும் தம் மன்னரைக் குறித்து இப்படி எழுதியதுண்டோ என எண்ணிப் பார்க்கிறோம்! குதிரைமேல் இருந்து நாட்டை வெல்லலாம், குதிரைமேல் இருந்தே ஆள இயலுமோ என்ற கருத்தில் லூ ஜியா என்னும் அறிஞர் அவரை இடித்துரைத்தார். பேரரசர் நாணமுற்று, சின் அரசு வீழ்ந்த காரணத்தை எழுதித் தருமாறு பணித்தார். தத்துவம் ஹான் அரண்மனையின் வாயிலைக் கடந்தது அன்றே எனலாம்.

அவருக்குப் பின் அரை நூற்றாண்டளவும் அரண்மனையில் ஓங்கி நின்றது தாவோ நெறியை ஒட்டிய கொள்கையாகும். அரசன் குறைவாகச் செய்தால் குடிகள் நிறைவாக வாழ்வர் என்பது அதன் சாரம். போரால் நைந்த நாட்டிற்கு அது மருந்தாயிற்று, நிலவரி குறைந்தது. கி.மு. 178இல் சூரிய கிரகணம் நேர்ந்தபோது, வென் பேரரசர் அதனைத் தம் குறைகளுக்கு விண் விடுத்த எச்சரிக்கையாகக் கொண்டு, தம் பிழைகளைத் துணிந்து எடுத்துரைப்பாரை அனுப்பி வைக்குமாறு நாடெங்கும் ஆணை விடுத்தார். கிரகணத்தின் காரணத்தை இன்று பள்ளிச் சிறுவரும் அறிவர். எனினும், அரியணையில் இருப்பவர் வானத்தைப் பார்த்துத் தம் குற்றத்தைத் தேடினார் என்னும் செய்தி எளிதில் ஒதுக்கத்தக்கதன்று.

இவ்வழக்கத்திற்கு முழுமையான தத்துவ வடிவம் தந்தவர் டோங் ஜோங்சு என்னும் கன்பூசிய அறிஞர். வூ பேரரசரின் காலம் (கி.மு. 141-87) அவருடைய காலம். அரசனைக் குறிக்கும் சீன எழுத்தில் கிடைக்கோடுகள் மூன்று; அவற்றை ஊடுருவி நிற்கும் செங்கோடு ஒன்று. விண், மனிதன், மண் என்னும் மூன்றையும் இணைத்து நிற்பவனே அரசன் என்று அவர் வழி வந்த நூல் விளக்கம் கூறுகிறது. மக்கள் அரசனுக்குப் பணிவர். அரசன் விண்ணுக்குப் பணிவான். அரசன் நெறி பிறழ்ந்தால் விண் முதலில் வெள்ளம், தீ முதலியவற்றால் எச்சரிக்கும். பின்னர் விந்தைக் குறிகளால் அச்சுறுத்தும். அப்போதும் திருந்தாவிடில் ஆணையைத் திரும்பப் பெறும். படையும் கருவூலமும் இல்லாத கல்விமான்கள், அவை இரண்டையும் உடைய பேரரசனுக்குப் பூட்டிய கடிவாளம் இக்கொள்கை.

கடிவாளம் எத்துணை வலிமை உடையது என்பது விரைவில் தெரிந்தது. கி.மு. 135இல் மரபின் முதல்வருக்குரிய கோயிலொன்றும், அவருடைய சமாதியைச் சார்ந்த மண்டபமும் தீப்பற்றின. டோங் ஜோங்சு இத்தீயின் பொருளை ஆராய்ந்து தம் இல்லத்தில் ஒரு குறிப்பு எழுதினார். அதை அரசனுக்கு அனுப்ப அவருக்குத் துணிவு வரவில்லை. அவர்மேல் பொறாமை கொண்ட ஜூஃபூ யான் என்பவர் அக்குறிப்பைத் திருடி அரசவையில் சேர்ப்பித்தார். பேரரசர் அறிஞர்களைக் கூட்டி அதனைக் காட்டினார். அவர்களுள் ஒருவர் டோங் ஜோங்சுவின் மாணவர். தம் ஆசிரியரின் எழுத்து என்று அறியாமல், இது மிக்க மடமை என்று அவர் தீர்ப்புக் கூறினார். ஆசிரியருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பேரரசர் பின்னர் மன்னித்தார் எனினும், அதன்பின் டோங் ஜோங்சு குறிகளையும் பேரிடர்களையும் பற்றிப் பேசத் துணிந்ததே இல்லை.

இந்நிகழ்ச்சியை நகைப்புக்குரிய கதையாகக் கொள்வோர் உளர். நமக்கு அது அவ்வாறு தோன்றவில்லை. விண்ணின் மொழியைப் பெயர்த்துரைக்கும் உரிமை எவருக்கு என்ற வழக்கு அங்கே நடந்தது, அரியணை வென்றது. ஆனால் அதே பேரரசர், கி.மு. 124இல் கன்பூசிய நூல்களைப் பயிற்றும் அரசுக் கல்விக்கழகத்தை 50 மாணவருடன் நிறுவினார். முதல் ஹான் காலத்தின் முடிவிற்குள் அவர்கள் 3,000 பேர் ஆயினர். தனியொரு அறிஞரை அச்சுறுத்தி வாய்மூடச் செய்யலாம். ஒரே நூல்களைக் கற்ற பல்லாயிரவரை அலுவலகந்தோறும் அமர்த்திய பின்னர் அனைவரையும் வாய்மூடச் செய்தல் அரிது. கி.மு. 81இல் உப்பும் இரும்பும் அரசின் தனியுரிமையாக இருத்தல் தகுமோ என்பது குறித்து, நாட்டுப்புறங்களிலிருந்து வந்த 60க்கும் மேற்பட்ட கல்விமான்கள் நிதித்துறைப் பெரும் அமைச்சரான சாங் ஹோங்யாங்குடன் நேருக்கு நேர் வாதிட்டனர். எல்லைப் போருக்குப் பணம் வேண்டும் என்றார் அமைச்சர். குடிகளோடு இலாபத்திற்குப் போட்டியிடுதல் அரசுக்கு இழுக்கு என்றனர் அறிஞர். உப்பும் இரும்பும் அரசிடமே தங்கின. மதுவின் தனியுரிமை மட்டும் கைவிடப்பட்டது. வாதம் நூலாக எழுதப்பெற்று இன்றும் வாசிக்கப்படுகிறது. இதே விண்ணாணைக் கொள்கையைக் காட்டியே கி.பி. 9இல் வாங் மாங் என்பவர் அரியணையைக் கவர்ந்தார் என்பதையும் மறைத்தல் கூடாது. அரசனைக் கட்டுதற்கென்று செய்த கயிறு, அரசைக் கவர்வார் கையிலும் அகப்படும்.

இனித் திருக்கோகர்ணத்திற்குத் திரும்புவோம். ஹான் பேரரசுக்கும் தொண்டைமான்களின் நாட்டிற்கும் தொடர்பு ஏதும் இல்லை. பரப்பில் ஒன்று ஒரு கண்டம் போன்றது. மற்றது ஏறக்குறைய 1,180 சதுர மைல். காலத்தால் 1,800 ஆண்டு இடைவெளி உண்டு. ஆயினும், இரண்டும் புதிதாக எழுந்த மரபுகள். லியூ பாங் போலவே தொண்டைமான்களும் பழம்பெரும் அரச குலத்தினர் அல்லர். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழவன் சேதுபதியின் ஆதரவுடன் உயர்ந்த கள்ளர் குலத் தலைவர்கள் அவர்கள். வாளால் பெற்ற நாட்டை வாளால் மட்டும் வைத்திருக்க இயலாது என்பதை அவர்களும் உணர்ந்தனர்.

அம்மரபில் 1730 முதல் 1769 வரை ஆண்டவர் விஜய ரகுநாதராயத் தொண்டைமான். அவர் காலத்தில் திருவரங்குளக் காட்டில் சதாசிவ பிரமேந்திரர் திரிந்துகொண்டிருந்தார். திருவிசநல்லூரில் கற்று, அத்வைத நூல்களும் கீர்த்தனைகளும் இயற்றி, பின்னர் மௌனம் பூண்ட துறவி அவர். அரசர் அவரை அணுகி உபதேசம் வேண்டினார். மௌனியாதலின் அவர் வாய் திறவாமல் மணலில் எழுதிக் காட்டினார் என்றும், தம்முடன் பயின்ற கோபாலகிருஷ்ண சாஸ்திரியாரை வரவழைத்துக்கொள்ளுமாறு பணித்தார் என்றும் மரபு கூறும். இது 1738இல் நிகழ்ந்தது என்பர். அம்மணலை அரசர் தம் அங்கவஸ்திரத்தில் அள்ளி எடுத்துச் சென்றார். அரண்மனையில் அது பூசைக்குரிய பொருளாயிற்று.

இக்காட்சியைச் சற்று ஊன்றி நோக்க வேண்டும். சீனத்துத் தத்துவ ஞானிகள் பதவியை நாடி அரண்மனைக்குச் சென்றனர். இங்கோ அரசர் காட்டிற்கு வந்தார். ஞானி பதவியை ஏற்கவில்லை. தமக்கு ஈடாக ஒருவரைச் சுட்டிவிட்டுத் தம் வழியே சென்றார். அவர் அடங்கிய இடம் கரூரை அடுத்த நெரூர் ஆகும். எழுதியது மணலில், மணலை அள்ளிய கணமே எழுத்து அழிந்திருக்கும். எஞ்சியது எழுத்தைத் தாங்கிய மணல் மட்டுமே. டோங் ஜோங்சுவின் குறிப்பைத் திருடலாம், படிக்கலாம், மறுக்கலாம். மணலைப் பூசிக்கத்தான் முடியும்.

சாஸ்திரியார் அரச குருவாக அமர்ந்து மானியம் பெற்றார். நாட்டை அம்பிகைக்குரியதாகவும் தம்மை அவளுடைய அடியவராகவும் கருதிய தொண்டைமான் அரசர்கள், பிரகதாம்பாதாசர் என்னும் பெயரைத் தம் பெயரோடு சேர்த்து வழங்கினர். நவராத்திரியின்போது அரிசியும் அதனுடன் அம்மன் காசும் தானமாக வழங்கப்பட்டன. தம் கையிலுள்ள காசு தெய்வத்தினுடையது என்று ஏழை எளியவர் எண்ணியிருப்பர். இவ்வெண்ணத்தில் ஒரு நன்மை இருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. அடியவன் ஆளும் நாட்டில் கொடுத்தல் அரசனின் விருப்பம் அன்று, கடமை.

கடமை நிலத்திலும் வெளிப்பட்டது. கோயில்களுக்குத் தேவதாயம், அந்தணர்க்குப் பிரமதாயம், படைவீரர்க்கு ஜீவிதம், ஊர்ப் பணியாளர்க்கு ஊழியம் என்று, பயிராகும் நிலத்தில் பெரும்பகுதி மானியமாகவே இருந்தது. எஞ்சிய நிலத்தில் அமானி முறை நடந்தது. அறுவடையின்போது அரசின் ஆட்கள் களத்தில் வந்து நின்று விளைச்சலைப் பங்கிடுவர். அவர்கள் வந்து சேரும்வரை குடியானவன் தன் நெல்லைத் தொடுதல் கூடாது. மழை அவர்களுக்காகக் காத்திருப்பதில்லை. மானியம் பெற்றவர் அம்பிகையை வாழ்த்தினர். களத்துமேட்டில் காத்து நின்றவர் என்ன எண்ணினார் என்பதைக் கல்வெட்டும் செப்பேடும் கூறவில்லை. அரசனுக்கு மேலே அம்பிகை உண்டு. ஆனால் குடியானவன் சார்பில் அம்பிகையின் பெயரால் அரசனிடம் வழக்குரைக்கும் பதவி எவருக்கும் இல்லை. இஸ்ரவேல் அரசர் முன் நின்ற தீர்க்கதரிசிகளை ஓதியுணர்ந்த நமக்கு இக்குறை உடனே புலப்படும்.

வெற்றிடம் நெடுநாள் வெற்றிடமாக இருப்பதில்லை. தொண்டைமான்கள் 18ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியிலிருந்தே ஆங்கிலேயருக்கு உற்ற நண்பர்கள். 1799இல் கட்டபொம்மனைப் பிடித்து அவர்களிடம் ஒப்புவித்ததும் அந்நட்பின் விளைவே. கப்பம் செலுத்தாத சமஸ்தானம் என்ற பெருமை புதுக்கோட்டைக்கு உண்டு. ஆனால் 1839 முதல் 1886 வரை ஆண்ட இராமச்சந்திரத் தொண்டைமான் கடனில் மூழ்கியபோது, கண்டித்தவர் அரச குருவின் வழியினர் அல்லர். ஆங்கிலேய அதிகாரிகளே கண்டித்தனர், அவருடைய சிறப்புப் பட்டத்தையும் பறித்தனர்.

1878இல் சேஷய்ய சாஸ்திரி புதுக்கோட்டைக்கு வந்தார். அதற்கு முன் 1872 முதல் 1877 வரை திருவிதாங்கூரில் திவானாக இருந்தவர். அங்கு மார்த்தாண்டவர்மர் 1750இல் நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணித்து, பத்மநாபதாசர் என ஆண்ட மரபை அவர் நேரில் கண்டிருந்தார். தாசனாகிய அரசனுக்குத் திறமையுள்ள கணக்கன் வேண்டும் என்பதை அவரைவிட அறிந்தவர் இலர். புதுக்கோட்டையில் அவர் அமானியை ஒழித்துப் பணவரியை ஏற்படுத்தினார். மானிய நிலங்களை அளந்து வகைப்படுத்தினார். குளங்களைத் தூர் வாரினார். குடியானவனைக் களத்துமேட்டிலிருந்து விடுவித்தது மணலில் எழுதிய உபதேசம் அன்று, இவருடைய கணக்கேடே. அம்மன் காசு 1889 முதல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் எந்திரத்தில் அச்சாகி வந்தது. உருவம் முன்னைவிடத் திருத்தமாகவே இருந்தது. சிறிய செய்தியாயினும் இதைக் கடந்துபோக மனம் வரவில்லை: அம்பிகையின் திருவுருவம் ஆங்கிலேயத் தொழிற்சாலையிலிருந்து கப்பலேறி வந்து, நவராத்திரித் தானத்தில் கை மாறிற்று.

1915இல் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் ஆஸ்திரேலியப் பெண்மணியாகிய மாலி ஃபிங்க் என்பவரை மணந்தார். அரசாங்கம் அவரை அரசியாக ஏற்கவில்லை. அவர்கள் மகனுக்குப் பட்டத்துரிமையும் கிட்டவில்லை. மன்னர் நாட்டை விட்டு நீங்கினார். 1928இல் பாரிசில் மறைந்தார். அடுத்த பிரகதாம்பாதாசர் யார் என்பதை எவர் முடிவு செய்தனர்? பிரிட்டிஷ் இந்திய அரசு, அரச குடும்பத்திலிருந்து ஆறு வயதுச் சிறுவராகிய இராஜகோபாலத் தொண்டைமானைத் தேர்ந்தெடுத்தது. 1934 முதல் நாட்டை நடத்தியவர் டாட்டன்ஹாம் என்னும் ஆங்கிலேயர். அம்பிகையின் திருவுளம் அரசாங்கத்தின் கடிதத்தாளில் வந்து சேர்ந்தது என்று கூறினால் மிகையாகாது.

சீனம் சிறந்தது, புதுக்கோட்டை தாழ்ந்தது என்று இதனால் நாம் நிறுவ முற்படவில்லை. ஹான் கல்விமான்களுள் பலர் பதவிக்காகக் கொள்கையை விற்றனர். 50 பேருடன் தொடங்கிய கழகம், பின்னை ஹான் காலத்தில் 30,000 பேராய்ப் பெருகியபோதும் அரசின் சீர்குலைவைத் தடுக்கவில்லை. ஆயினும் அங்கே விண்ணின் பெயரால் பேசுவதைத் தம் தொழிலாகக் கொண்ட ஒரு கூட்டம் இருந்தது. அது தோற்ற வழக்கும் ஏட்டில் எழுதப்பட்டது. இங்கே ஞானி பற்றற்றவராய் நீங்கியதால், அவர் விட்டுச் சென்ற இடத்தில் முதலில் மானியமும், பின்னர்த் திவானும், இறுதியில் வெள்ளைக்கார அதிகாரியும் வந்து அமர்ந்தனர். பற்றற்ற ஞானம் அரசனின் உள்ளத்தை மாற்றியிருக்கலாம். அவ்வுள்ளம் அவனுடன் மறைந்தது. அரசு தொடர்ந்தது.

1902இல் சமஸ்தானத்தில் பிரதிநிதிகள் சபையும், 1924இல் சட்டசபையும் ஏற்பட்டன. அவற்றின் அதிகாரம் சிறிதே. எனினும் குடிகள் தம் குறையைத் தம் வாயாலேயே கூறத் தொடங்கியது அங்கேதான். 1948ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் புதுக்கோட்டை சென்னை மாகாணத்துடன் இணைந்தது. 1974இல் தனி மாவட்டமாயிற்று. தொண்டைமான்களின் அரண்மனை மாவட்ட ஆட்சியர் அலுவலகமாயிற்று.

அம்மன் காசு செல்லாக்காசாகிப் பல ஆண்டுகள் கழிந்தன. ஆயினும் திருக்கோகர்ணத்து அம்பிகையை மக்கள் இன்றும் அழைப்பது அரைக்காசு அம்மன் என்றே. தொலைந்த பொருள் கிடைக்க வேண்டுமெனில் அவளுக்கு வெல்லம் வைத்து வேண்டிக்கொள்வது வழக்கம். சாவி, நகை, பத்திரம் என எதைத் தொலைத்தவரும் அவளை நினைக்கின்றனர். அவள் பெயரால் நடந்த அரசைத் தேடித் தருமாறு மட்டும் எவரும் அங்கு வெல்லம் வைத்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.